பல்லுக்காரி லீவு போட்ட நாள்

அவளைத் தெருவில் எல்லோரும் பல்லுக்காரி என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டு, பல் டாக்டரம்மா போலிருக்கிறது என்று யாராவது அவள் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றால், "நான் புடுங்கறவ இல்லைங்க, செய்யறவ" என்பாள்.

நிஜமும் அதுதான். நகரத்துப் பல் டாக்டர்கள் தங்களிடம் வருகிறவர்களின் வாய்க்குள் அச்சு எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு, அவள் வேலை பார்க்கும் லேபுக்கு அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தால் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் மேஜைமேல் வந்து உட்காரும். அவற்றைக் கீல் வைத்த ஒரு சட்டத்தில் பொருத்தி, வாய் மாதிரியே திறந்து மூடிப் பார்ப்பாள். பிறகு பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சின்ன உலையில் வைத்து எடுத்து, தேய்த்து, நிறம் தீட்டிப் பல் ஆக்குவாள். அது யாருடைய வாய், ஆணா பெண்ணா, நல்லவனா அயோக்கியனா, ஒன்றும் தெரியாது. டப்பாவின் மேல் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எத்தனையோ பேருக்குப் போன சொல்லைத் திருப்பிக் கொடுத்த கை அது. புதுப் பல் புதிதாகத் தெரியக்கூடாது என்பது அவளுடைய கட்சி. பக்கத்துப் பல்லில் மெல்லிசாக ஒரு பழுப்புக் கோடு ஓடினால் இவள் செய்த பல்லிலும் ஒன்று ஓடும். வரிசையாக நாலு பல் செய்தால் இடது பக்கத்து இரண்டாவது பல்லை மட்டும் ஒரு மயிரிழை திருப்பி வைப்பாள். ஏன் என்று லேப் முதலாளி கேட்டால், "கடவுளே நேரா வெக்கறதில்ல, நாம யாரு அவருக்கு மேல?" என்பாள். அந்தத் திருப்பலை வைத்தே இது பல்லுக்காரி வேலை என்று லேபில் கண்டுபிடித்துவிடுவார்கள். கடைத்தெருவில் போகிற வருகிறவர்கள் வாயைத் திறந்தால் அவளும் தன் வேலையைக் கண்டுபிடித்துவிடுவாள். "மூஞ்சி மறக்கும்டி, பல்லு மறக்காது" என்று தங்கையிடம் பெருமை பேசியிருக்கிறாள்.

இதெல்லாம் அவள் பேசிக்கொண்டிருந்த காலத்துக் கதை.

அவள் புருஷன் ஃபர்னிச்சர் ஷோரூம் ஒன்றில் விற்பனையாளர். தங்கமான மனுஷர் என்றும் சொல்ல முடியாது, தறுதலை என்றும் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பல் ஒன்றை உடைத்துக்கொண்டார். உதட்டுக்குக் கீழே கிழிந்து தையல் போட்ட தழும்பும் மிச்சமானது. அந்தப் பல்லை இவள்தான் செய்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவரை உட்காரவைத்து, மோவாயைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பழுப்புக் கோடு, ஓரத்தில் லேசான கண்ணாடித்தன்மை, ஒரு மயிரிழைத் திருப்பல். பெற்ற தாயாலேயே எது பொய்ப்பல் என்று சொல்ல முடியவில்லை. கீழ்வரிசையில் அவருக்கு இரண்டு பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பஸ் சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் மாதிரி இருக்கும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். "வரிசையே நல்லால்ல, எல்லாத்தையும் மாத்திடலாமா?" என்று கேட்பார். "சும்மா இருங்க, இருக்கறதே அழகு" என்று இவள் அடக்கிவிடுவாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கறேன்" என்றார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. இவளுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "சாப்ட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுச் சாவி ஒன்று அவர் பையோடு போய்விட்டது.

அழுது தீர்த்திருந்தால் தேவலை. திட்டித் தீர்த்திருந்தாலும் தேவலை. இவள் இரண்டும் செய்யவில்லை. காலையில் எழுந்தாள், லேபுக்குப் போனாள், பல் செய்தாள், வந்தாள், படுத்தாள். யார் எது கேட்டாலும் "பாக்கலாம்" என்பாள். உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டாள், உப்பு அதிகமானாலும் சாப்பிட்டாள். பல்லில் மரத்துப்போக ஊசி போட்டால் இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும். இவளுக்கு எங்கே போட்டார்களோ, தெளியவே இல்லை.

தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்றேனே, அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். அக்கா பல்லு, தங்கை கண்ணு. ஒருத்தி கடிக்க, ஒருத்தி முறைக்க என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். முறைக்கிற வேலையைத் தங்கை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள். தன் வீட்டு மாடியில் ஓர் அறையை வெள்ளையடித்துக் கட்டில் போட்டு வைத்துவிட்டு, வா வா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அக்கா கிணற்றில் போட்ட கல்.

கடைசியில் அக்கா குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரரே வந்து நின்றார். ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கிறீர்களா, இல்லை வேறு ஆளுக்கு விடட்டுமா, திங்கட்கிழமை சொல்லிவிடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். வேறு ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

"திங்கக்கிழமை என்ன சொல்லப் போறே?" என்றாள் தங்கை.

"பாக்கலாம்."

"என்னத்தப் பாக்கறது? ஒரு ஆளுக்கு எதுக்குக்கா அத்தனை பெரிய வீடு?"

"அவர்கிட்ட ஒரு சாவி இருக்குடி. வந்து தெறந்து பாத்தா வேற யாரோ இருந்தா?"

அப்போதுதான் தங்கைக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. கொஞ்ச நாள் என்று அவர் சொன்னதை இவள் அப்படியே எடுத்துக்கொண்டு, கொஞ்ச நாள் முடிவதற்காகக் காத்திருக்கிறாள். அவருடைய பல் தேய்க்கும் பிரஷ்கூட டம்ளரில் அப்படியே நிற்கிறது. போன ஆளுக்காக வாடகை கொடுக்கிறவளுக்கு எட்டாவது வள்ளல் என்று பட்டம் கொடுக்கலாம் போலிருந்தது தங்கைக்கு. அறையலாம் போலவும் இருந்தது.

"சரி. ஞாயித்துக்கிழமை லேபுக்கு லீவு போட்டுட்டு என்கூட வா. நாள் பூரா சுத்தறோம். வீட்டப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேன். சாயந்திரம் பஸ் ஏறும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இருக்கேன்னா இருக்கேன், வரேன்னா வரேன். 'பாக்கலாம்'னு மட்டும் சொன்னே, அங்கேயே விட்டுட்டு வந்துடுவேன்."

"எங்க போறது?"

தங்கை சொன்ன இடம் நகரத்திலேயே இப்போது எல்லோரும் பேசிக்கொள்கிற பேட்டை. ஒரு காலத்தில் அங்கே கிடங்குகளும் பட்டறைகளும்தான் இருந்தன. பகலிலேயே நடக்கப் பயப்படுவார்கள். இப்போது அதே கிடங்குகளில் காபிக் கடை, படக் கண்காட்சி, பத்துத் துணியை வைத்துக்கொண்டு ஒரு துணிக்கடை. வண்டிகளை உள்ளே விடுவதில்லை, நடந்துதான் பார்க்க வேண்டும். நடப்பதற்கென்று தங்கை அக்காவுக்கு ஒரு புது மூடு செருப்பு வாங்கி வந்திருந்தாள். "சைஸ் சரியா இருக்கா?" என்று கேட்டதற்கு, "இருக்கும்" என்று காலை நுழைத்துக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு பூக்கடை. அதற்கடுத்து மெழுகுவத்தி மட்டுமே விற்கிற கடை. தங்கை ஒவ்வொரு கண்ணாடியிலும் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். அக்கா பக்கத்தில் நின்றாள். தங்கை நடந்தால் நடந்தாள். துணிக்கடைக்குள் போனபோது உள்ளே ஒரு நீளக் கம்பி, அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சட்டைகள்.

"கடையா இது, இல்ல திருடு போன வீடா?" என்று தங்கை காதில் கிசுகிசுத்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். விற்கிற பெண் ஓடி வந்து, "கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும் மேடம்" என்றாள். அக்கா அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "மேல்வரிசை கடைவாய்ப்பல் ஒண்ணு இல்ல அவளுக்கு. சீக்கிரம் கட்டிக்கணும், இல்லாட்டி பக்கத்துப் பல்லு சாஞ்சுடும்" என்றாள்.

"சட்டை எப்படி இருந்துச்சு?"

"எந்தச் சட்டை?"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

சுவர் ஒன்றுக்கு முழுக்க நீலம் பூசியிருந்தார்கள். அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்ள ஜோடி ஜோடியாக வரிசையில் நின்றார்கள். ஒரு பையனும் பெண்ணும் அக்காவிடம் போனை நீட்டி எடுத்துத் தரச் சொன்னார்கள். வாங்கினாள், எடுத்தாள். பார்த்தால் இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேலே தலை இல்லை. வாய்கள் மட்டும் நட்ட நடுவில் தெளிவாக விழுந்திருந்தன. அந்தப் பெண் போனை வாங்கித் தங்கையிடம் கொடுத்தாள். தங்கைக்கு அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான். சிரித்து முடித்துத் திரும்பினால், அக்கா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள். நிற்க வைத்த இடத்தில் நிற்பதற்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அடுத்த சந்தில் நாற்காலிக் கடை. வாசலில் ஒருவர் புத்தம்புது நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, உப்புத்தாளால் அதன் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஃபர்னிச்சரைப் பார்த்ததும் தங்கை உஷாரானாள். அத்தான் நினைப்பு வந்துவிடுமே என்று கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா நகரவில்லை. அன்றைக்கு அவளாக நின்ற முதல் இடம் அது.

"புதுசைத் தேய்ச்சுப் பழசாக்கறீங்களா?" என்று கேட்டாள்.

நாற்காலிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இங்க பழசுன்னாத்தான் போகுதும்மா. எங்க அப்பா பழச தேய்ச்சுப் புதுசாக்குனாரு. நான் உல்டா."

"கை படற எடத்துல இன்னும் கொஞ்சம் தேயுங்க. ஓரத்துல அவ்வளவு வேண்டாம். ஓரத்த யாரும் புடிக்க மாட்டாங்க."

அவர் நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்களும் இந்த லைன்தானா?"

"கிட்டத்தட்ட" என்றாள் அக்கா.

அதோடு சரி. திரும்ப நடக்க ஆரம்பித்ததும் முகம் பழையபடி மூடிக்கொண்டது. ஆனால் தங்கைக்கு அந்தக் கிட்டத்தட்டவே பெரிதாக இருந்தது. வெளி ஆள் ஒருவரிடம் அக்கா தானாகப் பேசி எவ்வளவு நாள் ஆயிற்று! காசு போனால் போகிறதென்று, இருக்கிறதிலேயே பெரிதாகத் தெரிந்த காபிக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

காபி கட்டைவிரல் அளவு கோப்பையில் வந்தது. கொண்டுவந்தவன் சிரித்தான். கடையின் விளக்கையெல்லாம் அணைத்துவிடலாம், பல் அவ்வளவு வெள்ளை. அக்கா அவன் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சுண்ணாம்பு" என்றாள்.

"என்னது?"

"இப்ப எல்லாருக்கும் இந்த வெள்ளைதான் வேணுமாம். மழைக்காலத்துல எனக்கும் ஒண்ணு வந்துது. மேல்வரிசைல முன்னாடி எட்டுப் பல்லு. மேல புதுப் பல்லு மாட்டறதுக்காக எல்லாத்தையும் குச்சி குச்சியாத் தேய்ச்சு அச்சு எடுத்து அனுப்பியிருந்தாங்க. இருக்கறதுலயே வெள்ளையா, ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா வேணும்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. சுவத்துக்கு அடிக்கற மாதிரி அடிச்சேன்."

"நேராவா வெச்சே?"

"இடது பக்கம் ரெண்டாவது பல்ல மட்டும் திருப்பிட்டேன். கை கேக்கல. திரும்பி வந்துடும்னு முதலாளி கத்துனாரு. வரல. டாக்டர் கண்ணுக்குத் தெரியல போல."

"யாரு வாயோ, பாவம்."

"யாருக்குத் தெரியும்? அப்பல்லாம் நான் எதையும் பாக்கறதில்லடி. கை செய்யும், நான் சும்மா உக்காந்திருப்பேன்."

அதைச் சொல்லும்போதும் அவள் குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை.  கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்த தங்கை மேஜைக்குக் கீழே பார்த்துப் பதறிவிட்டாள். அக்காவின் குதிகால் செருப்பு விளிம்பில் கிழிந்து, ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அய்யய்யோ, செருப்பு கடிச்சிருக்கேக்கா! சொல்லக் கூடாதா?"

அக்கா எட்டிப் பார்த்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி. "ஆமா, கடிச்சிருக்கு" என்றாள்.

"வலிக்கலியா?"

"தெரியல."

தங்கை கைக்குட்டையை மடித்துக் குதிகாலுக்கும் செருப்புக்கும் நடுவில் திணித்தாள். திணிக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் வந்தும் வலிக்கவில்லை என்கிறவளை என்ன செய்வது? மாடி அறையில் கட்டில் போட்டால் சரியாகிவிடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். இனி சுற்றிப் பயனில்லை, வந்த வழியே பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. காபிக் கடைக்காரன், மரங்கள் இருக்கிற தெரு வழியாகப் போனால் கிட்டம் என்றான்.

அந்தத் தெருவில்தான் அது இருந்தது. முதலில் நகைக்கடை என்றுதான் தங்கை நினைத்தாள். தரை முதல் கூரை வரை கண்ணாடி, உள்ளே வெள்ளைச் சோபா, ஒரு பெரிய செடி. ஞாயிற்றுக்கிழமையானதால் பூட்டியிருந்தது. பெயர்ப் பலகையைப் படித்த பிறகுதான் பல் ஆஸ்பத்திரி என்று தெரிந்தது.

"பாருக்கா, உன் கடை!" என்றாள், கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டுமே என்று.

கண்ணாடியில் ஆளுயரத்துக்கு இரண்டு படங்கள் ஒட்டியிருந்தார்கள். மூக்குக்குக் கீழேயிருந்து மோவாய் வரைக்கும்தான் படம். இரண்டும் ஒரே ஆளின் வாய். இடது பக்கத்துப் படத்தின்மேல் "முன்பு" என்றும் வலது பக்கத்துப் படத்தின்மேல் "பின்பு" என்றும் எழுதியிருந்தது. பின்பு படத்தில் அந்த ஆள் மேல்வரிசை பளீரென்று தெரிய வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்; கீழ் உதட்டையும் மோவாயையும் மறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் போன் நம்பர் பட்டையாக ஓடியது.

அக்கா நேராக அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணாடியைத் தொட்டாள்.

"இது நான் செஞ்சது" என்றாள்.

"என்னது?"

"காபிக் கடைல சொன்னேன்ல, அந்த எட்டுப் பல்லு. இதோ பாரு, இடது பக்கம் ரெண்டாவது. திரும்பியிருக்கா? நான் திருப்பினதுதான்."

தங்கை கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரி கண்ணுக்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அக்காவின் முகத்தில் தெரிந்தது. கன்னம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, சிரிப்புக்குப் பக்கத்து வீடு. ஒன்றரை வருஷத்தில் அதைக்கூடப் பார்த்ததில்லை.

"அடி சக்கை! என் அக்கா வேலை இத்தாம்பெரிய தெருவுல கொடி கட்டிப் பறக்குது! நில்லு, நில்லு, அப்படியே நில்லு, படம் எடுக்கறேன். கைய அதுமேல வை. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லேன், ரெண்டு படமும் வரட்டும்."

அக்கா இடது பக்கம் தள்ளி நின்றாள். அப்போதுதான் முன்பு படம் அவள் முகத்துக்கு நேரே வந்தது.

தங்கை போனைத் தூக்கி, "சிரி" என்றாள். அக்கா திரும்பவில்லை. "அக்கா, இங்க பாரு" என்றாள். திரும்பவில்லை. சரிதான், மறுபடி பிடித்துக்கொண்டது என்று அலுத்துக்கொண்டு கிட்டே போனாள்.

"இதுவும் நான் செஞ்சதுதான்" என்றாள் அக்கா.

"எது? இது முன்னாடி எடுத்த படம்க்கா. இதுல நீ என்ன செஞ்சே?"

அக்கா விரலை வைத்துக் காட்டினாள். மேல்வரிசையில் முன்பல் ஒன்று. அதில் மெல்லிசாக ஒரு பழுப்புக் கோடு. ஓரத்தில் லேசான கண்ணாடித்தன்மை. விரல் கீழே இறங்கியது. கீழ்வரிசையில் இரண்டு பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இடித்துக்கொண்டிருந்தன. இன்னும் கீழே, உதட்டுக்கு அடியில், ஒரு தையல் தழும்பு.

தங்கைக்குப் பல் தெரியாது. தழும்பு தெரியும். அந்தத் தழும்புக்கு மேலே இருக்கிற முகத்தை அத்தான் என்று கூப்பிட்டவள் அவள். போனை மெதுவாகப் பைக்குள் போட்டாள்.

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நாய்க்குட்டி இரண்டு பேரின் காலையும் மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. தங்கைக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்கேயோ இருந்துகொண்டு, இவளை இப்படி உட்காரவைத்துவிட்டு, பல்லைக் கட்டிக்கொண்டு இளிக்கிறாரே மனுஷன்! வாயில் வந்ததைச் சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். அக்கா மறுபடி பின்பு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை மறைக்க அதில் கை இல்லை.

"நல்லாத்தான் இருக்காரு" என்றாள்.

"அக்கா..."

"என் டேபிள்ல இருந்துதுடி."

"என்னது இருந்துது?"

"இந்த வாய். ஒரு வாரம் இருந்துது. கீழ்வரிசையும் சேத்துத்தான் அனுப்புவாங்க. இந்த ரெண்டு பல்லும் இப்படியே ஏறிக்கிட்டு இருந்திருக்கும். நான் எடுத்து மாட்டியிருக்கேன். தெறந்து தெறந்து மூடிப் பாத்திருக்கேன்." அவள் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "கைலயே வெச்சிருந்தேன். தெரியல."

"அது வெறும் பிளாஸ்டர்க்கா. ஒதடு இல்ல, கலரு இல்ல. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டி. யாரோட பல்லும் எனக்குத் தெரியும். இவரோடது தெரியாதா?"

 தெரியும் என்று சொல்லவும் முடியாது, தெரியாது என்று சொல்லவும் முடியாது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் கதையைச் சொல்லி ஊரெல்லாம் சிரிக்கிறோமே, அந்த வெண்ணெய் கையைவிட்டுப் போன பிறகு அவள் என்ன செய்தாள் என்று யாரும் சொல்வதில்லை.

"அத்தானுக்குத் தெரிஞ்சிருக்குமோ? நீ செஞ்சதுன்னு?"

"அவருக்கு எப்படித் தெரியும்? டாக்டருக்கே தெரியாது. ஒரு டப்பா வந்துது, ஒரு டப்பா போச்சு."

 பிறகு அக்கா தானாகவே திரும்பி நடந்தாள். தங்கை பின்னால் போனாள். வீட்டைப் பற்றிக் கேட்கக்கூடாது, இன்றைக்குக் கேட்கவே கூடாது, வீட்டுச் சொந்தக்காரரிடம் நாம் பேசி இரண்டு நாள் தவணை வாங்கிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போனாள். மரத் தெரு முடிந்து பஸ் நிற்கும் இடம் தெரிந்தது.

நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அக்கா நின்றுவிட்டாள். பக்கத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை சாவியக் குடுத்துடலாம்" என்றாள்.

தங்கைக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்றே சந்தேகம். "வீட்டுச் சாவியா? நெஜமாத்தான் சொல்றியா? அத்தான் கிட்ட இன்னொண்ணு இருக்கே, அவர் வந்தா..."

"அவர் வந்துட்டுப் போயிட்டார்டி" என்றாள் அக்கா. "வந்து ஒரு வாரம் இருந்துட்டு, மழையிலயே போயிட்டாரு. நான்தான் பாக்கல."

தங்கை அவள் கையைப் பிடித்தாள். அக்காவின் முகம் கோணியது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. என்னவோ ஏதோ என்று தங்கை பயந்துபோனாள்.

"என்னக்கா? என்ன பண்ணுது?"

அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டே குனிந்து, செருப்பைப் பிடுங்கி எடுத்தாள். கைக்குட்டை ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"வலிக்குதுடி" என்றாள். "ரொம்ப வலிக்குது."

எவ்வளவு நேரம் அப்படி அழுதாள் என்று தெரியாது. பஸ் வந்து நின்று, இரண்டு பேரும் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போயிற்று.